“எலும்பில் துளை போடுவார்களாமே?”

பல் இம்ப்ளான்ட் என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்பது அநேகமாக டாக்டரிடம் அல்ல. வீட்டுக்கு வந்தபின் பக்கத்தில் இருப்பவரிடம். அவர் தனக்குத் தெரிந்த யாருக்கோ நடந்ததைச் சொல்ல, அன்றிரவுத் தூக்கம் போய்விடுகிறது.

துளை போடுவது உண்மைதான். ஆனால் அதன் அளவைத் தெரிந்துகொண்டு பயப்படலாமே. வழக்கமான இம்ப்ளான்ட், போன பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் ஒரு டைட்டானியத் திருகாணி; செயற்கைப் பல்லை அதன்மேல்தான் மாட்டுவார்கள். குறுக்களவு 3.5 முதல் 5 மி.மீ., நீளம் 8 முதல் 12 மி.மீ. அநேகமான பற்களின் வேரைவிட இது குட்டை. பழைய பல்லைப் பிடுங்கியபோது எலும்பில் விழுந்த பள்ளம், கடைவாய்ப்பல்லாக இருந்தால் நிச்சயமாக, இதைவிடப் பெரியது. அதைத் தாண்டி வந்தவர்தான் இப்போது இதற்கு நடுங்குகிறார்.

‘எனக்கு இம்ப்ளான்ட் என்றாலே பயம்’ என்று மொத்தமாகச் சொன்னால் மருந்தும் மொத்தமாகத்தான் கிடைக்கும்: ‘பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது.’ இந்த ஆறுதலைக் கேட்டு யாருடைய படபடப்பும் குறைவதில்லை. ஊசிக்குப் பயப்படுபவருக்கு ஒன்று தேவை. சத்தத்துக்குப் பயப்படுபவருக்கு வேறு. வாயைத் திறந்தபடி, பேச வழியில்லாமல் படுத்திருப்பதே தாங்காதவருக்கு இன்னொன்று. எது உங்களுடையது என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு கருவியும் இருக்கிறது. பல் சிகிச்சைப் பதற்றத்தை அளக்க 1995 முதல் புழக்கத்தில் உள்ள ஐந்து கேள்விகள். நாளைக்கு டாக்டரிடம் போக வேண்டும், வெளியே காத்திருக்கிறீர்கள், பல்லை டிரில் செய்யப்போகிறார்கள், பல்லைச் சுத்தம் செய்யப்போகிறார்கள், ஈறில் ஊசி போடப்போகிறார்கள்: ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பதற்றம் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். கூட்டுத்தொகை 19 அல்லது அதற்கு மேல் வந்தால் பயம் கடுமையானது என்று கொள்வார்கள். கூட்டுத்தொகையைவிட முக்கியம், எந்தக் கேள்விக்கு அதிகம் போட்டீர்கள் என்பது. அந்தக் காகிதத்தை டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். ‘ஊசிக்கு 5, மற்றதெல்லாம் 2’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், எங்கே நேரம் செலவழிக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

ஊசியிலிருந்தே தொடங்கலாம். பலருக்கு அன்றைய நாளின் உண்மையான வலி அது ஒன்றுதான். வலிக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, முனை உள்ளே நுழையும் குத்தல். இதற்கு ஈறில் தடவும் ஜெல் உண்டு. ஜெல்லைத் தடவிய உடனேயே ஊசி போட்டால் பயனில்லை. ஈறின் ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுத் தடவி, இரண்டு நிமிடமாவது விட வேண்டும். இரண்டாவது காரணம், மருந்து வேகமாக உள்ளே போய்த் திசுவை விரிப்பது. நிமிடத்துக்கு 1 மி.லி. என்ற கணக்கில் மெதுவாகச் செலுத்தினால் இந்த வலி வெகுவாகக் குறையும். ஒரு குழல் மருந்து 1.8 மி.லி. என்றால், அதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். ‘மெதுவாகப் போடுங்கள் டாக்டர், எனக்கு அவசரமில்லை’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. மேல் அண்ணத்தில் மட்டும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். அங்கே சதை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் மருந்துக்கு இடம் போதாது.

ஊசி போட்ட ஓரிரு நிமிடத்தில் சிலருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை லேசாக நடுங்கும். ‘பயம் வந்துவிட்டது, இனி என்னால் முடியாது’ என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். மரப்பு மருந்தோடு சேர்த்திருக்கும் அட்ரினலின் செய்யும் வேலையாக இருக்கலாம் அது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மரப்பை நீடிக்கவைத்து, ரத்தக் கசிவைக் குறைக்க அதைச் சேர்க்கிறார்கள். சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது வெறும் படபடப்பு. தெரியாதவருக்கு அதுவே பீதியின் ஆரம்பம். இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மருந்தை அதற்கேற்ப மாற்றுவார்கள்.

‘எனக்கு மரப்பு ஊசியே ஏறாது’ என்பவர்கள் ஒரு தனிக் கூட்டம். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் எப்போது ஏறவில்லை என்று கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் பல் வீங்கி வலி உயிர்போன நாளாக இருக்கும். அழற்சி கண்ட இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும். பல்லுக்குள் இருக்கும் கூழும் அப்போது கொதிநிலையில் இருக்கும். இம்ப்ளான்ட் வைக்கும் இடம் பொதுவாக ஆறிய எலும்பு. கொதிக்கும் கூழ் அங்கே இல்லை. வலி நரம்புகள் ஈறிலும் எலும்பைப் போர்த்திய மெல்லிய உறையிலும்தான் அடர்த்தி, அவற்றை மரக்கவைப்பது கடினமில்லை. அதனால்தான் பலரும் வெளியே வந்ததும் ‘பல் பிடுங்கினதைவிட இது பரவாயில்லை’ என்கிறார்கள்.

மரத்துப்போனாலும் அழுத்தமும் அதிர்வும் தெரியும். இதைச் சொல்லாமல் விடுவதுதான் பெரிய தப்பு. வலி என்ற உணர்வை மருந்து தடுக்கும். யாரோ அழுத்துகிறார்கள் என்ற உணர்வை முழுசாகத் தடுக்காது. ‘ஒன்றுமே தெரியாது’ என்று சொல்லி உட்காரவைத்தால், முதல் அழுத்தத்திலேயே ‘மரக்கவில்லை’ என்று மனம் அலறும். ஆரம்பிக்கும் முன் கூரான கருவியால் ஈறைக் குத்திக் காட்டச் சொல்லுங்கள். கூர்மை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மருந்து. அழுத்தம் மட்டும் தெரிந்தால் தொடரலாம்.

சத்தத்துக்கு வருவோம். பல் கிளினிக் என்றதும் காதில் கேட்கும் அந்தக் ‘கீச்ச்ச்’, பல்லைக் குடையும் ஏரோட்டர் எனும் அதிவேக டிரில்லுடையது. நிமிடத்துக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். இம்ப்ளான்ட் டிரில் அதன் பக்கத்தில் ஆமை. வழக்கமாக நிமிடத்துக்கு 800 முதல் 1,200 சுற்று. திருகாணியை உள்ளே ஏற்றும்போது இன்னும் மெதுவாக, 15 முதல் 50 சுற்று. இந்த நிதானம் நோயாளியின் வசதிக்காக அல்ல, எலும்புக்காக. எலும்பு ஒரு நிமிடம் 47 டிகிரி செல்சியஸில் இருந்தாலே செல்கள் பழுதாகத் தொடங்கும். சூடுபட்ட எலும்பு திருகாணியைப் பற்றாது. அதனால் உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே, எடுத்து எடுத்துத் துளைப்பார்கள். உங்களுக்குக் கேட்பது கீச்சொலி அல்ல, தாழ்ந்த முனகல். எலும்பு வழியாகக் காதுக்குள் வருவதால் மண்டைக்குள் ஒலிப்பதுபோல இருக்கும், அவ்வளவுதான். காதில் பாட்டு ஓடவிடலாம். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், டாக்டர் சொல்வது மறுகாதில் விழ வேண்டும்.

துளையும் ஒரே மூச்சில் போடப்படுவதில்லை. முதலில் 2 மி.மீ. அளவுள்ள மெல்லிய டிரில். அந்தத் துளையில் ஒரு சிறு உலோகக் குச்சியைச் செருகி எக்ஸ்ரே எடுத்துத் திசை சரிதானா என்று பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு படியாக அகலமாக்குவார்கள். எல்லாத் துளையிடலையும் கூட்டினால் சில நிமிடங்கள்தான் வரும். நாற்காலியில் கழியும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தின் மீதியெல்லாம் ஊசி, காத்திருப்பு, எக்ஸ்ரே, தையல். கடைசியில் திருகாணியைக் கைக்கருவியால் இறுக்கும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். எலும்பு விரிகிறது என்று பதற வேண்டாம், அது ராட்செட் எனும் அந்தக் கருவியின் பல்சக்கரம்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் கேட்டு வையுங்கள். மேல் கடைவாயில், மூக்கின் பக்கத்துக் காற்றறைக்குக் கீழே எலும்பு உயரம் குறைவாக இருந்தால், சிறு சுத்தியலால் தட்டி அந்த அறையின் தரையை உயர்த்தும் முறை ஒன்று உண்டு. வலிக்காது, ஆனால் தலையில் தட்டுவதுபோலவே இருக்கும், அதை எதிர்பாராதவருக்குக் கொடுமையான அனுபவம். அபூர்வமாகச் சிலருக்குப் பின்னால் தலைசுற்றலும் வரலாம். உங்களுக்கு அந்த முறைதானா, வேறு வழி உண்டா என்பதை ஆலோசனை நாளிலேயே கேளுங்கள்.

மூன்றாவது பயம், கட்டுப்பாட்டை இழப்பது. வெளியில் அதிகம் சொல்லப்படாதது, உண்மையில் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுவது. மருந்து, துணி, விளக்கு, இரண்டு பேர் முகத்துக்கு மேலே, பேச முடியாது. இதற்கு மிகப் பழைய, மிக நல்ல மருந்து கை சைகை. டாக்டர் வழக்கமாக வலப்பக்கம் இருப்பார். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்னாலேயே பேசிவையுங்கள். ஆரம்பத்தில் ஒருமுறை சும்மாவே தூக்கிப் பாருங்கள், நிறுத்துகிறாரா என்று. நிறுத்தினால் பயம் பாதி இறங்கிவிடும். நிறுத்தாதவர் என்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். படிப்படியாகத்தான் துளைக்கிறார்கள் என்பதால், எந்த இரண்டு டிரில்லுக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாலும் எதுவும் கெட்டுப்போகாது.

முகத்தை மூடும் துணி மூச்சு முட்டவைக்கும் என்றால், கண்ணையும் மூக்கையும் விட்டுவிடும்படி கேட்கலாம். வாய் திறந்தே இருந்து தாடை வலித்தால் கடித்துக்கொள்ள ரப்பர் தாங்கி தருவார்கள். எச்சிலும் தண்ணீரும் தொண்டையில் சேருமே என்ற கவலை உள்ளவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கால் மூச்சு விட வேண்டும். உறிஞ்சுகுழலை அந்தப் பக்கம் வைக்கச் சொல்லலாம். விழுங்குவதும் தவறில்லை. குமட்டல் அதிகம் உள்ளவருக்கு அறுவையைவிட, செயற்கைப் பல் செய்ய வாயில் அச்சு எடுப்பதே சோதனை. கேமராவால் ஸ்கேன் செய்து அச்சு எடுக்கும் வசதி அந்த கிளினிக்கில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனால் அந்தச் சோதனையே இல்லை.

மூச்சுப் பயிற்சி பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். எளிமையானது போதும்: நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளிவிடும் மூச்சு நீள வேண்டும், அதுதான் விஷயம். இதயத் துடிப்பு இறங்குவது அப்போதுதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபின் புதிதாகப் பழக முடியாது. ஒரு வாரம் முன்பிருந்தே தினம் ஐந்து நிமிடம் பழகினால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

இதெல்லாம் போதாது என்பவருக்கு மயக்கமூட்டும் முறைகள் இருக்கின்றன. வெட்கப்பட ஒன்றுமில்லை. மூக்கில் வைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு லேசானது: கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள், முடிந்ததும் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுப்பார்கள், சீக்கிரம் தெளிந்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் வேலை செய்யாது. அடுத்தது, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை. மூன்றாவது, ரத்தக் குழாய் வழியாக ஊசியில் ஏற்றும் மிடசோலம் என்ற மருந்து. கேட்டால் பதில் சொல்வீர்கள், ஆனால் பின்னால் அநேகமாக எதுவும் நினைவிருக்காது. இதற்குப் பயிற்சி பெற்றவரும், ஆக்சிஜன் அளவையும் நாடியையும் கண்காணிக்கும் கருவியும் அறையில் இருக்க வேண்டும். மாத்திரையோ ஊசியோ, கூட ஒருவர் வர வேண்டும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. எவ்வளவு நேரம் வெறும் வயிறு என்பதை அவர்கள் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் யாருடைய தூக்க மாத்திரையையோ தானாகப் போட்டுக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு அது ஆபத்து.

மயக்கம் கொடுக்காத நாளில் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. பயத்தில் சாப்பிடாமல் வருபவர்தான் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுகிறார். ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியது அதை எழுதிக் கொடுத்தவர். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்கள் அதைச் சொல்லாமல் விடவே கூடாது, தாடை எலும்பு ஆறுவதில் சிக்கல் வரலாம். நேரம் கேட்கும்போது காலையின் முதல் இடத்தைக் கேளுங்கள். மாலை வரை நினைத்து நினைத்து ஊதிப் பெருக்குவதற்கு அவகாசம் இருக்காது. முதல் நாள் இரவு அறுவை வீடியோ பார்ப்பது வேண்டவே வேண்டாம். கேமரா ஒரு பல்லை ஒரு சுவர் அளவுக்குக் காட்டும்.

இப்போது நியாயமான பயங்கள். கீழ்த்தாடையின் பின்பகுதிக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது. அதில் பட்டால் உதடு மரத்தே இருக்கலாம். இதைத் தடுப்பது அதிர்ஷ்டமல்ல, அளவு. சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேனில் நரம்பின் ஆழத்தை மி.மீ. கணக்கில் அளந்து, திருகாணியின் நுனிக்கும் நரம்புக்கும் குறைந்தது 2 மி.மீ. விட்டுத் திட்டமிடுவார்கள். அந்தப் படத்தைத் திரையில் காட்டி, ‘நரம்பு இங்கே, திருகாணி இதுவரை’ என்று விளக்கும்படி கேளுங்கள். விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்காதவரிடம் அவசரப்பட்டு வாயைத் திறக்க வேண்டியதில்லை. மேல் முன்பற்கள் பக்கம் இந்த நரம்பே கிடையாது, அங்கே இந்தக் கவலை வேண்டாம்.

உடம்பு இதை ஏற்காமல் தள்ளிவிடுமா? ஸ்வீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952இல் முயல் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போய், எலும்பு அதைப் பற்றிக்கொண்டு விடவில்லை என்று கண்டார். 1965இல் மனிதத் தாடையில் வைத்தார். அந்த முதல் நோயாளி 2006இல் இறக்கும்வரை அது வேலை செய்தது. டைட்டானியத்துக்கும் எலும்புக்கும் நடக்கும் இந்த ஒட்டுதல் மாற்று உறுப்பு போல அல்ல. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்து தேவையில்லை. இம்ப்ளான்ட் தவறுவது வேறு காரணங்களால்: எலும்பு சூடுபட்டது, கிருமி, புகை, கட்டுப்பாடில்லாத சர்க்கரை, ஒட்டும் முன்பே விழுந்த பாரம். பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைக்கின்றன. தவறினால்? அநேகமாக வலியில்லாமல் ஆடத் தொடங்கும். கழற்றிவிட்டு, எலும்பு ஆறச் சில மாதம் விட்டு, மறுபடி வைக்கலாம். தாடையே போய்விடும் கதை அல்ல.

வீடு திரும்பியபின் ஒரு கணக்கு. வலி மாத்திரையின் முதல் தவணையை மரப்பு தெளியும் முன்பே போட வேண்டும். வலி வந்தபின் துரத்துவது கடினம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் இபுப்ரோஃபென் வகையைத் தவிர்த்து பாராசிட்டமால் கேட்க வேண்டும். முதல் நாள் கன்னத்தில் ஐஸ், பதினைந்து நிமிடம் வைத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து. உதடு மரத்திருக்கும் மட்டும் சூடானது எதையும் குடிக்காதீர்கள், சுட்டாலும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. முதல் நாள் கொப்பளிக்கவோ வேகமாகத் துப்பவோ கூடாது, ரத்தக் கட்டு கலைந்துவிடும். மறுநாள் முதல் டாக்டர் சொன்ன குளோர்ஹெக்சிடின் திரவம். தையல் பிரிப்பது வழக்கமாக 7 முதல் 10 நாளில்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். முதல் நாளைவிடக் கூடியிருக்கிறதே என்று அப்போதுதான் பலர் கலங்குகிறார்கள். அது இயல்பு, கன்னத்தில் மஞ்சள் பூத்தாலும் இயல்பு. இயல்பில்லாதவை வேறு: நான்காம் நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம், காய்ச்சல், சீழ், அரை மணி நேரம் துணியை அழுத்திக் கடித்தும் நிற்காத ரத்தம். மறுநாள் காலையிலும் உதடு மரத்தே இருந்தால் அன்றே கூப்பிடுங்கள். திருகாணி நரம்பை அழுத்துகிறது என்றால் உடனடியாகத் தளர்த்தினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம்; ‘ஒரு வாரம் பார்க்கலாம்’ என்பது இங்கே தவறான யோசனை.

பிறகு காத்திருப்பு. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேலுக்கு நான்கு முதல் ஆறு மாதம் என்பது வழக்கமான கணக்கு. என் கணிப்பில் மனதைப் படுத்துவது அறுவை நாள் அல்ல, இந்த மாதங்கள்தான். நாக்கு ஓயாமல் அங்கேயே போகும். இரண்டு முதல் நான்காம் வாரம்வரை திருகாணியின் பிடி கொஞ்சம் தளரும்: பழைய எலும்பு கரைந்து புதியது ஊறும் இடைவெளி அது. அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். ஒரு நாள் திடீரென்று ஏதோ ஆடுவது தெரியும். இம்ப்ளான்ட் போய்விட்டது என்று உடைந்துபோகாதீர்கள். ஈறுக்கு வெளியே தெரியும் சிறு உலோக மூடி தளர்ந்திருப்பதே பல நேரம் காரணம். கிளினிக்கில் ஒரு நிமிடத்தில் திருகி இறுக்கிவிடுவார்கள். கழன்று கையில் வந்தால் விழுங்காமல் எடுத்து வைத்து, அன்றைக்கோ மறுநாளோ போங்கள். தாமதித்தால் ஈறு வளர்ந்து துளையை மூடிக்கொள்ளும்.

கடைசியில், திருகாணிமேல் கேப் எனும் செயற்கைப் பல்லை மாட்டும் நாள். பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. மாட்டும்போது ஈறு அழுந்தி வெளுக்கும், சில நிமிடம் பிதுக்குவதுபோல இருக்கும், பிறகு நிறம் திரும்பும். பதினைந்து நிமிடத்துக்கு மேலும் வெளுப்பு மாறாவிட்டால் சொல்லுங்கள், கேப்பின் ஓரத்தைக் குறைப்பார்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் மெத்தை போன்ற நார் இதற்குக் கிடையாது. அதனால் முதல் சில வாரம் கடிக்கும்போது மரக்கட்டைபோலத் தோன்றும். அந்தப் பல் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே இடிக்கிறது என்று தோன்றினால் பழகிவிடும் என்று விடாதீர்கள். உயரத்தைச் சரிசெய்ய ஒரு தாள் அளவு தேய்த்தால் போதும், அதற்கு ஊசி கிடையாது.